பள்ளிக்கு அஞ்சும் பிள்ளையும் நாமும்

(பங்கின் ஜூபிலி விழாவில் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. பிழையை ஒப்புக்கொள்ளும் ஆண்டும் ஆகும். பெற்றோரும் ஆசிரியருமாகிய நாம் இன்று ஒரு பிழையை ஒப்புக்கொள்வோம். காலையில் வயிற்றுவலி, தலைவலி என்று படுத்துவிடும் பிள்ளையை "நடிக்கிறான்" என்கிறோம். பள்ளி மணி அடித்த பிறகு வலி நின்றால், நம் சந்தேகம் உறுதியாகிவிடுகிறது. "படிப்பு ஏறாவிட்டால் தறியில் உட்காரட்டும்" என்று முடித்துவிடுகிறோம். ஆனால் அச்சத்தால் வரும் வலியும் மெய்யான வலியே.

நாம் நவநாள் செய்து மன்றாடும் சிறுமலர் தெரேசம்மாளும் இப்படிப்பட்ட பிள்ளைதான். 1877-இல், நான்கு வயதில் தாயை இழந்தார். 1881-இல் லிசியே நகரில் கன்னியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். படிப்பில் முன்னணியில் நின்றும், மூத்த மாணவி ஒருத்தியின் தொல்லையால் அங்கே அழுத நாட்கள் பல. தாய்போல் வளர்த்த அக்காள் பவுலின் 1882-இல் மடம் புகுந்தார். மறு ஆண்டே தெரேசா கடும் நோயில் விழுந்தார். 1883 மே 13, பெந்தெகொஸ்தே நாளில் குணமடைந்தார். ஆயினும் பின்னர் மனக்கலக்கமும் ஓயாத தலைவலியும் வாட்டின. 1886-இல் தந்தை லூயி மார்ட்டின் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார், படிப்பையோ நிறுத்தவில்லை. ஓர் ஆசிரியையின் வீட்டில் தனிப்பாடம் கேட்க ஏற்பாடு செய்தார். அந்தச் சிறுமியை 1997-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். மகளை நம்பிய அந்தத் தந்தையும் 2015-இல் புனிதரானார்.

இதனால் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாம் என்று கொள்ளலாகாது. வீட்டிலேயே இருக்க இருக்க அச்சம் வளரும். ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டி, உடல்நோய் உண்டா என்று அறிவோம். அடிக்காமல், அவசரப்படாமல், "உனக்கு எது பயமாயிருக்கிறது?" என்று கேட்போம். ஆசிரியரிடம் பேசி, முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரைநாள் என்று பழக்குவோம். அடுத்த வீட்டுப் பிள்ளை பாடக்குறிப்பைக் கொண்டுவந்து கொடுக்கட்டும். காலையில் கூடவே அழைத்துப் போகட்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. எட்டாம் வகுப்பு முடியுமுன் பிள்ளையை வெளியேற்றவும் கூடாது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். வேலூர் சி.எம்.சி.யில் பிள்ளைகளுக்கென்றே மனநலப் பிரிவு உண்டு. அங்கே போவதில் வெட்கம் ஏதுமில்லை.

நம் ஆரணியில் இழை அறுந்தால் எந்த நெசவாளியும் பாவை வெட்டி எறிவதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடி முடிந்து, மெல்ல மீண்டும் நெய்கிறார். பட்டுக்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்குக் காட்டக் கூடாதா?

யாயீரின் பன்னிரண்டு வயது மகளை ஆண்டவர் கைப்பிடித்து எழுப்பினார்; அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படியும் சொன்னார். கைப்பிடித்து எழுப்புவதும், பசியறிந்து ஊட்டுவதும் இனி நம் பங்கின் பணியாகட்டும். அதற்கான வரத்தைச் சிறுமலர் நமக்குப் பெற்றுத் தருவாராக.

மரியே வாழ்க!