மடங்கும் விசிறி



பாய்மரப் படகு காற்றால் செல்வது. ஆதலின் அதன் பயணம் ஓசையற்றது என்றே நான் எண்ணியிருந்தேன். 2011ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து நண்பர் ஒருவரின் முப்பதடிப் படகில் புறப்பட்டபோது அந்த எண்ணம் மாறிற்று. துறைமுக வாயிலைக் கடந்ததும் நண்பர் இயந்திரத்தை நிறுத்தினார். பாய்கள் காற்றை ஏந்தின. ஆயினும் காலடிப் பலகைக்குக் கீழே வண்டு முரல்வது போன்ற ஓர் ஒலி விடாது எழுந்தது. அது யாதென வினவினேன். "நம்மைப் பின்னின்று பிடித்து இழுப்பவன் பாடுகிறான்" என்றார்.

இக்காலப் பாய்ப்படகுகளில் பெரும்பாலானவற்றில் சிறு இயந்திரம் ஒன்று உண்டு. துறையை விட்டு வெளியேறவும், காற்று ஓய்ந்தபோது கரை சேரவும் அது வேண்டும். அவ்வியந்திரம் சுழற்றும் புரொப்பெல்லர் என்னும் உந்துவிசிறி நீருக்குள் இருக்கிறது. அதன் மூன்று அகன்ற இதழ்களும் நீரைத் தள்ளுவதற்கென்றே சாய்த்து அமைக்கப்பட்டவை. இயந்திரம் நின்றபின் அவ்வகலமே பகையாகிறது. எதிர்வரும் நீர் இதழ்களில் மோதிச் சிதறி, அவற்றின் பின்னே சுழித்து நிற்கும். படகின் வேகம் இருமடங்கானால் இத்தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

இதனால் விளையும் இழப்பு எவ்வளவு? அத்தகைய படகு ஒன்று அரை நாட் வேகத்தை இழப்பது வியப்பன்று. அரை நாட் தானே என்று எண்ண வேண்டா. வைட் தீவின் நீடில்ஸ் பாறைகளிலிருந்து பிரான்சின் ஷெர்பூர்க் துறைமுகம் ஏறத்தாழ 60 கடல் மைல். ஐந்து நாட் வேகத்தில் 12 மணி நேரம் ஆகும். நாலரை நாட் வேகத்தில் 13 மணி 20 நிமிடம். அக்கால்வாயில் ஓதத்தின் ஓட்டம் மிக வலியது. ஒரு மணி நேரம் பிந்தினால், துணையாக வந்த ஓட்டம் துறைமுக வாயிலில் எதிரியாய்த் திரும்பி நிற்கக்கூடும்.

இத்தொல்லை புதியதன்று. நாங்கள் புறப்படுகையில் கரையோரம் கண்ட 'வாரியர்' என்னும் போர்க்கப்பல், 1860இல் நீரில் இறக்கப்பட்டது. பாயும் நீராவியும் ஒருங்கே உடையது. பாய் விரித்துச் செல்லுங்கால் அதன் மாபெரும் விசிறியைப் பல நூறு மாலுமிகள் கயிறு பிடித்து மேலே தூக்குவராம்! என் நண்பரின் படகிலோ நாங்கள் இருவரே இருந்தோம்.

விசிறியைத் தடுத்து நிறுத்துவது நன்றா, சுழல விடுவது நன்றா என்பது படகோட்டிகளிடையே ஓயாத வழக்கு. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2008இல் வெளியிட்ட சோதனை முடிவுகளின்படி, எளிதாகச் சுழல விட்ட விசிறியே குறைந்த தடை தருகிறது. ஆனால் சிலவகைப் பல்சக்கரப் பெட்டிகள் அவ்வாறு இடைவிடாது சுழல்வதால் தேய்ந்து கெடும்.

அடுத்த ஆண்டு நான் சென்றபோது அந்தப் பாட்டு இல்லை. நண்பர் மடங்கும் விசிறியைப் பொருத்தியிருந்தார். அதில் இரண்டே இதழ்கள். ஒவ்வொன்றும் அடியில் கீல் கொண்டது. தண்டு சுழலும்போது மையவிலக்கு விசை இதழ்களை விரிக்கிறது. நூலில் கட்டிய கல்லைச் சுழற்றினால் அது வெளியே விலகி நிற்பதை நீங்கள் அறிவீர்கள். இயந்திரத்தை நிறுத்தித் தண்டையும் சுழலாது பூட்டிவிட்டால், எதிர்வரும் நீரே இதழ்களைப் பின்னோக்கி மடக்கிவிடும், நாம் குடையை மடக்குவது போல. தண்டைப் பூட்ட மறந்தாலோ, அது சுழன்றுகொண்டே இருக்கும். இதழ்களும் விரிந்தே நிற்கக்கூடும். கீழிதழ் தன் எடையால் தொங்கிவிடாதபடி, இரு இதழ்களின் அடியிலும் பற்கள் அமைத்து ஒன்றோடொன்று இணைத்திருந்தார்கள். பார்ப்பதற்குச் சிறிய வேலைதான். எனக்கு மிகவும் பிடித்தது அதுவே.

மாலையில் துறைக்குத் திரும்பினோம். நண்பர் வழக்கம்போல் படகை நிறுத்தப் பின்னோட்டம் கொடுத்தார். 'டக்' என்று ஓர் ஓசை கேட்டது, படகு நிற்கவில்லை! மரத்துறை எங்களை நோக்கி வந்தது. நான் காற்றுப் பந்து ஒன்றை இடையில் தொங்கவிட்டதால் முனையில் ஒரு கீறலோடு தப்பினோம். காரணம் எளிது. முன்னோக்கி உந்தும்போது உந்துவிசையே இதழ்களை விரித்துப் பிடிக்கும். பின்னோக்கி உந்தும்போது அவ்விசையே அவற்றை மடக்க முயலும். மையவிலக்கு விசை ஒன்றே அதை எதிர்த்து நிற்கவேண்டும்.

இதற்கு மாற்றாக, இதழ்களை மடக்காமல் திருப்பும் வகையும் உண்டு. பனையோலை விசிறியைக் காற்றுக்கு முகங்காட்டிப் பிடித்தால் கை தள்ளும். விளிம்பைக் காட்டினால் தள்ளாது. அவ்வாறே இதழ்கள் நீருக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். பின்னோட்டத்திலும் அது நன்கு இழுக்கும். விலைதான் மிகுதி, உள்ளுறுப்புகளும் பல. எவ்வகையாயினும், கல்போன்ற ஓடுடைய சிறு கடலுயிர்கள் கீல்களில் ஒட்டிக்கொண்டால் இதழ்கள் அசையா. ஆண்டுதோறும் படகைக் கரையேற்றிச் சுரண்டவே வேண்டும்.

நண்பர் தம் மடங்கும் விசிறியை மாற்றவில்லை. துறைக்கு இரு படகு நீளத் தொலைவு இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, ஓதத்தை எதிர்கொண்டு வந்து, பின்னோட்டத்தை முன்கூட்டியே கொடுக்கப் பழகிக்கொண்டார். காற்றுப் பந்தைக் கையில் ஏந்தி முனையில் நிற்கும் வேலை மட்டும் எனக்கே நிலைத்துவிட்டது.