மகளுக்காக நின்ற தந்தை



மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில், தொழுகைக்கூடத் தலைவர் யாயீர் ஆண்டவரின் காலில் விழுகிறார். 12 வயது மகளுக்காக. வழியிலேயே வீட்டிலிருந்து ஆள் வந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். அந்தத் தகப்பன் ஆண்டவரை விட்டு நகரவில்லை.

இப்பகுதியை வாசிக்கும்போது புதுக்கோட்டை நாராயணசாமி ஐயர் என் நினைவுக்கு வருவார். அவர் கிறிஸ்தவர் அல்லர்; மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தேவதாசி மரபில் வந்த சந்திரம்மாளை மணந்ததால் உறவினர் அவரை ஒதுக்கினர். 1886 ஜூலை 30 அன்று இவர்களுக்குப் பிறந்தவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

பெரியவளானதும் பெண் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். முத்துலட்சுமியின் பள்ளிப் படிப்பும் நின்றது. தாய்க்கு மகளின் கல்யாணக் கவலை. தந்தையோ வீட்டிலேயே பாடத்தைத் தொடரச் செய்தார். 1902இல் மகள் மெட்ரிக்குலேஷன் தேறினார். அடுத்துக் கல்லூரி என்றதும், பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு. கெட்டுப்போவது பையன்களாம், அடைபட வேண்டியது பெண்ணாம்! நல்ல நியாயம்! மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்தார். மூடிய வண்டியில் போய், திரைக்குப் பின்னால் அமர்ந்து படித்தார் முத்துலட்சுமி. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் டாக்டர் பட்டம்.

பின்னாளில் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அவரை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பத் தூண்டியது. நம் பகுதியிலிருந்தும் அங்கே போய்வந்த குடும்பங்கள் உண்டு. போய்வந்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை.

1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதே நம் சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது பிரியவில்லை. பெண் குழந்தை வேண்டாம் என்ற கொடுமை இங்கே அவ்வளவு இருந்தது. இன்று நம் பிள்ளைகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்குகிறார்கள். தகப்பனார் இனிப்போடு அறைவீட்டுக்கு வருகிறார். சில மாதம் கழித்து அவரே வந்து, "நல்ல இடம் அமைஞ்சிருக்கு சாமி, ஓலை எழுதணும்" என்கிறார். மேற்படிப்பு என்னாயிற்று என்று கேட்டால், "நர்சிங் சேரணும்னா, ஆனா செலவு, தூரம்..." என்று இழுக்கிறார்.

செலவு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் யாரிடம் பேசுவாள்? ஓலை எழுதுமுன் மணமக்களைத் தனித்தனியே விசாரிப்பது திருச்சபையின் வழக்கம். இனி என் பங்கில் அந்த நேரத்தில் பெண்ணிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பேன்: "இன்னும் படிக்க ஆசை இருக்கிறதா அம்மா?" பெற்றோர் வெளியே திண்ணையில் சற்றுக் காத்திருக்க வேண்டியிருக்கும்.