இளைப்பாறுதல்



அரசாங்க உத்தியோகத்திலிருந்து விலகியவரைத் தமிழ்நாட்டார் 'ஓய்வுபெற்றவர்' என்பார்கள். நமது நாட்டிலோ 'இளைப்பாறிய அதிபர்', 'இளைப்பாறிய தபாலதிபர்' என்றே வழங்குகிறோம். திருமண அழைப்பிதழிலும் மரண அறிவித்தலிலும் அடிக்கடி காணும் சொல் ஆதலால் அதன் பொருளை நாம் நின்று பார்ப்பதில்லை. கிறிஸ்தவ வேதத்தைத் தமிழாக்கியவர்கள் இதே சொல்லைத்தான் வேறோர் உயரத்திலே கொண்டுபோய் வைத்தார்கள். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்திலே, பாரம் சுமந்து களைத்தவர்களை இயேசு தம்மிடம் அழைத்து, அவர்களுக்குத் தாம் தருவதாகச் சொல்லும் பொருள் இளைப்பாறுதல். பழைய மொழிபெயர்ப்பிலும் அந்தச் சொல்தான். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் அந்தச் சொல்தான். எத்தனையோ வடசொற்களை நீக்கிப் புதுக்கிய அறிஞர்கள் இதனை மட்டும் அசைக்கவில்லை.

இளைத்தல் என்றால் மெலிதல், சோர்தல், மூச்சு வாங்குதல். பெரகல சந்தியிலிருந்து ஹப்புத்தளைக்குக் குறுக்குப் பாதையால் ஏறிப் பார்த்தவருக்கு இதற்கு அகராதி வேண்டியதில்லை. ஆறுதல் என்பது இன்னும் அழகான சொல். சோறு ஆறும், புண் ஆறும், கோபமும் ஆறும். சூடு தணிவது, காயம் மாறுவது, மனம் அமைவது ஆகிய மூன்றுக்கும் தமிழன் ஒரே வினையைத்தான் வைத்திருக்கிறான். ஓய்வு என்பது வேலை நின்றுபோவது. இளைப்பு ஆறுவதற்கு வேலை நின்றாக வேண்டுமென்பதில்லை. வேலை நின்ற பின்பும் சிலருக்கு அது ஆறுவதுமில்லை. இளைப்பாறிய உத்தியோகத்தர் பலரைக் கண்டவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள்.

இந்துக் கல்லூரியொன்றிலே தமிழ் கற்பிக்கும் ஒருவன் கிறிஸ்தவ செபத்தைப் பற்றிப் பேசலாமா என்று யாராவது கேட்கக்கூடும். யாழ்ப்பாணத்திலே பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர் ஆறுமுக நாவலர். அந்தப் பதிப்பு 1850இல் வெளிவந்தது. சைவத்துக்காக அவரைப் போல் போராடியவர் இல்லை. ஆயினும் அந்தக் கைங்கரியத்தால் அவருடைய சைவம் குறைந்துவிடவில்லை. ஆகவே நாவலர் நடந்த பாதையிலே நானும் சில அடிகள் நடக்கிறேன்.

வேதத்தின் அந்த இடத்திலே ஒரு வியப்பு இருக்கிறது. களைத்தவர்களை அழைத்தவர், சுமையை இறக்கி வைத்துவிட்டுத் தூங்குங்கள் என்று சொல்லவில்லை. அடுத்த வாக்கியத்திலேயே தமது நுகத்தை ஏற்றுக்கொள்ளும்படி சொல்கிறார். நுகம் என்பது மாட்டின் கழுத்தில் வைப்பது. இளைப்பாற வந்தவனுக்கு நுகமா? ஆனால் நுகத்தடி பெரும்பாலும் இரட்டை மாட்டுக்கு உரியது. ஒன்றின் பக்கத்திலே இன்னொன்று நிற்கும். பாரம் போய்விடுகிறது என்பதல்ல, பக்கத்திலே ஒருவர் வந்து நிற்கிறார் என்பதே அங்குள்ள ஆறுதல் என்று நான் வாசிக்கிறேன். கிறிஸ்தவ அறிஞர்கள் வேறு விதமாகவும் விளக்குவார்கள்.

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிலே மடமும் கேணியும் ஆவுரோஞ்சிக்கல்லும் இருக்கும் இடத்திலே சுமைதாங்கியும் இருக்கும். தமிழ்நாட்டிலும் உண்டு. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதனைக் கட்டுவது வழக்கம்; இறக்கி வைக்க முடியாமற்போன ஒரு சுமைக்காக, ஊராரின் சுமையை இறக்க ஓர் இடம். அதன் நுட்பம் உயரத்திலே இருக்கிறது. தலைச்சுமையை நிலத்திலே இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும். தோளுயரத்துக் கல்லிலே வைத்தால், மூச்சு ஆறியதும் தானே தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். செபத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நூல்களை விட இந்தக் கல் எனக்கு அதிகம் விளங்கப்படுத்துகிறது.

ஹப்புத்தளையிலே, தங்கமலைக் காட்டின் அருகே, அடிஷம் மாளிகை இருக்கிறது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் தமக்கெனக் கட்டி முடித்த கருங்கல் மாளிகை அது. இங்கிலாந்தின் கென்ற் பிரதேசத்திலுள்ள ஊரொன்றின் பெயரை அதற்கு இட்டார். 1960களின் தொடக்கத்திலே அது ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடமாயிற்று. பார்க்கப் போகிறவர்கள் மாளிகையையும் பூந்தோட்டத்தையும் பார்த்து, துறவிகள் செய்யும் ஜாம் போத்தல் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அந்த மதில்களுக்குள்ளே ஒரு பழைய கால அட்டவணை ஓடுவதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆறாம் நூற்றாண்டிலே இத்தாலியில் வாழ்ந்த ஆசீர்வாதப்பர் தமது துறவிகளுக்கு ஓர் ஒழுங்கு நூல் எழுதினார். பகலிலே ஏழு வேளை, இரவிலே ஒரு வேளை செபம். நூற்றைம்பது சங்கீதங்களையும் ஒரு கிழமைக்குள்ளே சொல்லி முடிக்க வேண்டும். இடையிலே கைவேலை, வாசிப்பு. சோம்பலை ஆன்மாவின் பகை என்றார். செபம் நீளமாக இருக்கத் தேவையில்லை, சுருக்கமாகவும் தூய்மையாகவும் இருக்கட்டும் என்பது அவர் கருத்து. (நமது மேடைப் பேச்சாளர்களுக்கும் அவர் ஏதாவது எழுதி வைத்திருக்கலாம்.) மணி அடித்ததும் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டு எழுந்து போவதும், செபம் முடிந்ததும் அதே வேலைக்குத் திரும்புவதுமாகப் போகிறது அவர்களது நாள். ஒரு நாளென்ற தெருவிலே சில மைலுக்கொரு சுமைதாங்கி நட்டது போன்ற ஏற்பாடு இது.

எழுத்தறியாத மக்களுக்குச் சங்கீதங்கள் எட்டவில்லை. அவர்கள் கையிலே செபமாலை வந்தது. ஐம்பது ஐம்பதாக மூன்று முறை, மொத்தம் நூற்றைம்பது அருள் நிறைந்த மரியே. சங்கீதங்களின் அதே தொகை. புத்தகம் வாசிக்கத் தெரிந்த துறவிக்கும் மணி உருட்டத் தெரிந்த ஏழைக்கும் ஒரே எண்ணை வைத்த அந்த மனம் எனக்குப் பிடித்திருக்கிறது. லயக் காம்பராவிலே மாலையில் விளக்கை ஏற்றி வைத்துச் செபமாலை சொல்லும் கிழவி அந்த அளவில் அடிஷம் துறவிக்கு ஒரு மணியும் குறைந்தவளல்ல.

இந்த இடத்திலே ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. விடியற்காலையில் மலைக்குப் போய், கூடைக் கயிற்றைத் தலையிலே மாட்டி, நிறுவையிலே கொழுந்து குறைந்தால் அரைப்பேரோடு திரும்பும் ஒரு தாய்க்கு, ஆன்ம இளைப்பாறுதல் என்று பேசுவது நேர்மையா? அவளுக்கு வேண்டியது முழுப்பேரும் நல்ல வீடும் அல்லவா? இந்த மலைகளிலே 1854 முதல் தோட்டத் தமிழருக்கென்றே கிறிஸ்தவ மிஷன் நடந்தது. அதற்குக் கைகொடுத்தவர்களிலே தோட்டத்துரைமாரும் இருந்தார்கள். கூடை சுமக்காதவன் கூடை சுமப்பவளுக்குப் பொறுமையைப் போதித்தால் அது செபமாகாது. துரைக்குச் செய்யும் ஊழியம். இதிலே எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

ஆனால் அவளே செபிக்கும்போது கதை வேறு. சங்கீதங்களைத் திறந்து பாருங்கள். துதிப் பாடல்கள்தான் இருக்கும் என்று எண்ணிப் போகிறவர் திகைப்பார். கணிசமானவை முறைப்பாடுகள். ஏன் மறந்தாய், எதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாய் என்ற தொனி. 88ஆம் சங்கீதம் இருட்டிலே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. கடைசி வரியிலும் வெளிச்சம் வருவதில்லை. அதையும் வேதத்திலே சேர்த்தார்கள்; அதையும் செபமாகச் சொல்லுகிறார்கள். இயேசுவும் சிலுவையிலே 22ஆம் சங்கீதத்தின் முதல் வாசகத்தைத்தான் கூவினார் என்று சுவிசேஷம் சொல்கிறது. அதுவும் ஒரு முறைப்பாடுதான்.

சைவர்களாகிய நமக்கு இந்தத் தொனி புதிதல்ல. கண் பார்வை இழந்த சுந்தரர் திருவாரூர்ப் பெருமானிடம் போய் நின்று பேசிய பேச்சைப் பணிவு என்று சொல்ல முடியுமா? அயலாரிடம் நாம் அளந்துதான் பேசுகிறோம். கோபித்துக்கொள்வது வீட்டாரிடம் மட்டுமே. சுந்தரரைத் தம்பிரான் தோழர் என்றழைத்த மரபு அந்தச் சண்டையிலேதான் நெருக்கத்தைக் கண்டது. முறையிடுகிறவள் பணிந்துபோனவளல்ல. தனக்கு நேர்ந்தது அநியாயம் என்று ஒருவர் முன் வாய்விட்டுச் சொல்லப் பழகியவள் அதை நாளைக்குத் துரை முன்னாலும் சொல்லக்கூடும்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். நெல்லை நாட்டிலே வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, தமிழாசிரியராய் இருந்து, 1858இல் கிறிஸ்தவரானவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. கம்பனிலே ஊறிய புலவர். ஜோன் பனியன் என்ற ஆங்கிலேயர் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையை வைத்து இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தைச் செய்தார். அது 1894இல் வெளிவந்தது. நடுநடுவே தேவாரம் என்ற பெயரிலேயே பதிகங்களையும் வைத்தார். மதம் மாறியவர் தம்முடைய செபத்தின் இசையை மாற்றிக்கொள்ளவில்லை. சமயம் வேறானாலும் உருகுவதற்குத் தமிழிலே அவருக்குத் தெரிந்த வழி அதுவாகவே இருந்தது.

பனியனின் மூலக் கதையிலே யாத்திரிகன் முதுகிலே ஒரு மூட்டை. சிலுவையின் அடியிலே அது தானாகக் கழன்று உருண்டுபோகிறது. நம்மவர்களாக இருந்தால் அங்கேயே மங்களம் பாடி முடித்திருப்பார்கள். பனியன் விடவில்லை. மூட்டை போன பிறகுதான் செங்குத்தான மலை வருகிறது. துன்பமலை என்று அதற்குப் பெயர். ஏற்றத்தின் பாதி வழியிலே, களைத்தவர்களுக்கென்று மலைக்குரியவர் அமைத்த ஒரு கொடிப்பந்தல். யாத்திரிகன் அதில் உட்கார்ந்தவன் அயர்ந்து தூங்கிவிடுகிறான். கையிலிருந்த அத்தாட்சிச் சுருள் நழுவி விழுகிறது. மலையுச்சிக்கு ஏறிய பிறகுதான் அவனுக்குத் தெரிய வருகிறது. அழுதுகொண்டே பந்தலுக்குத் திரும்பி வந்து, அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏறுகிறான். பொழுது சாய்ந்த பின்பே மாளிகையை அடைகிறான். அங்கே அவனுக்குக் கொடுத்த அறையின் பெயர் சமாதானம். அதன் சன்னல் சூரியன் உதிக்கும் திசையிலே திறந்திருந்தது. அங்கே அவன் விடியும்வரை தூங்கினான். அந்தத் தூக்கத்திலே எதுவும் தொலையவில்லை.