வலிப்பு நோயும் மருந்தின் ஒழுங்கும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், எமது பாடசாலையின் காலைப் பிரார்த்தனை வேளையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வலிப்புற்று வீழ்ந்தான். நான் ஓடிச்சென்று, என்னிடமிருந்த திறப்புக் கோவையை அவன் கையிலே திணித்தேன். சிறிது நேரத்தில் வலிப்பு ஓய்ந்தது. இரும்பே அதனை ஓயச் செய்தது என்று சூழ நின்றோர் நம்பினர். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும் என்பதை நான் பின்னரே அறிந்தேன். பிள்ளைகளுக்கு அறிவு புகட்ட வேண்டிய நானே அன்று அறியாமைக்குச் சாட்சி சொன்னேன். அந்த வெட்கமே இன்று என்னைப் பேசத் தூண்டியது.

அன்று மாலை அவனுடைய தாயார் வந்தார். “ஐயா, வைத்தியர் தந்த குளிசையை ஒரு வருடமாகத் தவறாமல் கொடுத்தேன். ஒரு தரமேனும் வலிப்பு வரவில்லை. சுகமாகிவிட்டதென்று போன கிழமை நிறுத்திவிட்டேன்” என்றார். நோய் நீங்கியதனால் வலிப்பு வராதிருக்கவில்லை. மருந்து காத்து நின்றமையாலேயே வராதிருந்தது. இந்த வேறுபாட்டை அவருக்கு எவரும் விளக்கியிருக்கவில்லை.

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின் துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசுகின்றன. பல அணுக்கள் ஒருங்கே கட்டுமீறித் துடிப்பதே வலிப்பு. பெனிற்றோயின், கார்பமசெப்பின் ஆகிய மருந்துகள் சோடியம் அயன்கள் அணுக்களுட் புகும் வழிகளை அடக்கி, அம்மிகைத் துடிப்பைத் தடுக்கின்றன. பினோபாபிற்றோன், மூளையில் இயல்பாகவே உள்ள அடக்கும் ஆற்றலுக்கு வலுவூட்டுகின்றது. இவை நோயின் வேரைக் களைவன அல்ல. வெள்ளத்தைத் தடுக்கும் அணை போன்றவை. வெள்ளம் வரவில்லையென்று அணையை உடைப்பார் உண்டோ?

1857ஆம் ஆண்டளவில் புரோமைட்டு உப்பே வலிப்புக்கு மருந்தாயிற்று. 1912இல் ஜெர்மானிய வைத்தியர் ஹவுப்ற்மான் பினோபாபிற்றோனின் பயனைக் கண்டார். 1938இல் அமெரிக்காவில் மெரிற், புற்னம் என்னும் இருவர் பெனிற்றோயினின் பயனை வெளியிட்டனர். இன்று பல மருந்துகள் உள. தக்க சிகிச்சை பெற்றால், நோயாளருள் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

வைத்தியர் வழக்கமாக ஒரே மருந்தைச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார். இரத்தத்தில் மருந்தின் அளவு சீராக நிற்றல் வேண்டுமாதலால், குறித்த வேளையில் அதனை உட்கொள்ளல் அவசியம். திடீரென நிறுத்தின், உயிருக்கே ஆபத்தான தொடர் வலிப்பு நேரலாம். சில ஆண்டுகள் வலிப்பின்றிக் கழிந்தபின், குறைக்கலாமா என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். தூக்கக் கலக்கம், முரசு வீங்குதல் போன்றவை தோன்றினால் அவரிடம் கூறுக. தோலில் தடிப்புக் கண்டால் தாமதியாது காட்டுக. வல்புரோவேற்று கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது. ஆகவே, தாய்மையடையக்கூடிய பெண்கள் முன்னரே ஆலோசனை பெறுதல் வேண்டும். அவர்களும் தாமாக மருந்தை நிறுத்தலாகாது.

எவரேனும் வலிப்புற்றால் இரும்பைத் தேடாதீர்கள். வாயில் எதனையும் திணிக்காதீர்கள். தலைக்கு மெதுவான துணி வைத்து, ஒருபக்கமாகச் சரித்துவிடுங்கள். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அம்மாணவன் மீண்டும் மருந்தைத் தொடர்ந்தான். காலைதோறும், “குளிசை போட்டாயா?” என்று அவனை வினவுவது என் வழக்கமாயிற்று. ஒருநாள் அவன் புன்னகையோடு, “நான் போட்டுவிட்டேன் ஐயா, நீங்கள் உங்கள் இரத்த அழுத்தக் குளிசையைப் போட்டீர்களா?” என்றான். அன்று நான் மறந்திருந்தேன்! என் குளிசையை நான் எவருக்கும் ஒளித்ததில்லை. அவன் மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?