நாடக மேடையும் விளக்கின் பொறுப்பும்

[ஆண்டு விழாவை முன்னிட்டுக் கூடிய நமது சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு]



நமது சங்கத்தின் ஆண்டு விழா நெருங்கிவிட்டது. இவ்வாண்டு நம் சிறுவர் சிறுமியர் நாடகம் ஒன்றை நடிக்கப்போகின்றனர் என்பதை யாவரும் அறிவீர்கள். மேடைக்கென்று முன்னரே நம்மிடம் இருந்த ஹாலஜன் போகஸ் விளக்குகள் எட்டோடு, அங்கத்தினர் மனமுவந்து அளித்த நன்கொடையைக்கொண்டு எல்.இ.டி. மூவிங் ஹெட் விளக்குகள் நான்கும் வாங்கப்பட்டிருக்கின்றன. அவற்றை அமைத்து நடத்தும் முறையைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். கல்வி, விவாகம், உபகாரச் சம்பளம் முதலிய விஷயங்களைப் பேசும் இச்சபையில் விளக்கைப்பற்றி ஒரு சொற்பொழிவா என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்றை முதலிற் சொல்லிவிட்டால் அவ்வெண்ணம் நீங்கும் என்று நம்புகிறோம்.

சென்ற ஆண்டு ஒத்திகை இரவில், விளக்குகளை மேலே மாட்டிக்கொண்டிருந்தபொழுது இரும்புக் கிளாம்ப் ஒன்று குறைந்தது. மாட்டிக்கொண்டிருந்த இளைஞர், “நாளைக் காலையில் வாங்கி வந்து மாட்டுவோம், ஐயா” என்றார். நேரமாகிறது என்ற அவசரத்தில், “இன்று ஒரு பொழுதிற்குக் கயிற்றால் கட்டு” என்று சொன்னவர் நாமே. அவரும் பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாதென்று நைலான் கயிற்றால் கட்டினார். அரைமணி நேரத்திற்குள் விளக்கின் வெப்பத்தால் கயிறு உருகிற்று. விளக்கு மேடைப் பலகையின்மேல் விழுந்து நொறுங்கியது. அது விழுந்த இடத்தில், சற்று முன்னர்தான் எட்டு வயதுக் குழந்தை ஒருத்தி நின்று வசனம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். சுண்டல் கொடுக்கிறார்கள் என்று யாரோ அழைக்க, அவள் இறங்கி ஓடியிருந்தாள். அவ்வளவே நமக்கும் பெருந்துக்கத்திற்கும் இடையே இருந்த தூரம். இதனை மறைத்து வைப்பதைவிட, சபையில் வெளியிட்டு அதனின்று பாடம் கற்பதே தகுதி என்று கருதுகிறோம்.

அன்பர்களே! மேடை விளக்கின் சரித்திரம் பாதி அழகின் சரித்திரம். பாதி விபத்தின் சரித்திரம். நம் நாட்டில் தீவட்டி வெளிச்சத்தில் கூத்தாடிய காலமும் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ஆம் ஆண்டு சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவி, கற்றவரும் மேடையேறி நடிக்கலாம் என்று காட்டிய காலமும் உண்டு. மேல்நாட்டில் நாடகசாலைகள் நிலக்கரி வாயு விளக்கால் ஒளி பெற்றிருந்தன. 1881-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8-ஆம் தேதி, வியன்னா நகரத்து ரிங் நாடகசாலையில் அவ்வாயு பற்றி எரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதே மாதம் 28-ஆம் தேதி, லண்டன் மாநகரத்து சவாய் நாடகசாலையின் தலைவரான ரிச்சர்ட் டாய்லி கார்ட், எரிந்துகொண்டிருந்த மின்சார விளக்கொன்றை மெல்லிய மஸ்லின் துணியால் சுற்றி மேடையிலேயே உடைத்துக் காட்டினார். விளக்கு அணைந்தது, துணியில் தீப்பற்றவில்லை. இனி அபாயமில்லை என்று ஜனங்கள் மகிழ்ந்தனர்.

ஆனால் மின்சாரமும் மனிதனுடைய அஜாக்கிரதையை மன்னிப்பதில்லை. 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி, சிகாகோ நகரத்து இராக்வா நாடகசாலையில், பகல் ஆட்டத்தின்போது, மேடையின் பக்கத்திலிருந்த ஆர்க் விளக்கினின்று தோன்றிய தீ அருகிலிருந்த திரைச்சீலையைப் பற்றியது. தீயைத் தடுக்கவேண்டிய கல்நார்த் திரை முழுதும் இறங்காமல் நடுவில் சிக்கிக்கொண்டது. வெளியேறும் கதவுகள் பல பூட்டியிருந்தன. சுமார் 600 பேர் உயிரிழந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். தீக்கு அஞ்சவேண்டாத கட்டடம் என்று விளம்பரம் செய்து திறக்கப்பட்டு ஐந்து வாரமே ஆகியிருந்த கொட்டகை அது! நம் தமிழ்நாட்டிலேயே 2004-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மின்சாரக் கோளாற்றினால் கீற்றுப் பந்தலில் மூண்ட தீ, மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதை நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம். இனி நம் மேடைக்கு வருவோம். அபாயம் மூன்று வழியில் வரும்: விழுதல், பற்றுதல், தாக்குதல். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, விழுதல். 5 மீட்டர் உயரத்தினின்று விழும் பொருள் ஒரே வினாடியில் தரையை அடைகிறது. அடையும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர். மூவிங் ஹெட் விளக்கு ஒன்று 20 கிலோ எடையும் அதற்கு மேலும் இருப்பதுண்டு. கீழே நிற்பவர் விலகுவதற்கு அவகாசம் இல்லை. ஆகவே, விளக்கைத் தாங்கும் குழாயோ சட்டமோ அவ்வெடை முழுவதையும் தாங்கவல்லதா என்பதை அறிந்தவரைக்கொண்டு முதலிற் சோதிக்கவேண்டும். பந்தல் மூங்கிலிலும், தோரணம் கட்டிய சவுக்குக் கழியிலும் விளக்கை மாட்டலாகாது. ஒவ்வொரு விளக்கையும் அதற்குரிய கிளாம்பினால் மாட்டித் திருகை முடுக்கவேண்டும். அஃதன்றியும், விளக்கையும் குழாயையும் பிணைக்கும் எஃகுக் கம்பிக் கயிறு ஒன்று தனியே கட்டாயம் இருக்கவேண்டும். கிளாம்ப் நழுவினாலும் விளக்கைப் பிடித்துக்கொள்வது அக்கயிறே. அது விளக்கின் எடைக்கு ஏற்றதாயும், தொய்வின்றிக் குட்டையாயும் இருத்தல் அவசியம். தொய்வு மிகுந்தால் விளக்கு வேகங்கொண்டு விழும். அவ்வெட்டில் கயிறே அறுந்துபோகலாம். விளக்கின் முன்னே செருகும் வர்ணத் தகட்டுச் சட்டமும், பக்கத்து மறைப்புத் தகடுகளும் தனியே கழன்று விழக்கூடியவை, அவற்றையும் பிணைக்கவேண்டும். விளக்கை ஏற்றும்போது இருவராக ஏற்றுக. ஏணியை ஒருவர் பிடித்திருக்க. அவ்வேளையில் மேடையில் வேறு யாரும் நடமாடாதிருக்க.

இரண்டாவது, பற்றுதல். ஹாலஜன் விளக்கு உண்ணும் மின்சாரத்திற் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. விளக்கின் உடலில் ஒட்டியுள்ள தகட்டில், எரியக்கூடிய பொருள் எவ்வளவு தூரத்திற்கு அப்பால் இருக்கவேண்டும் என்று மீட்டர்க் கணக்கில் பொறித்திருப்பார்கள். அவ்வெண்ணைப் படிப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். திரை, நைலான் ஜரிகைத் துணி, தெர்மாகோல் மாளிகை, காகிதப் பூ, தென்னங்கீற்று ஆகிய நம் அலங்காரப் பொருள்கள் யாவும் எளிதிற் பற்றக்கூடியவை. திரை அசையும் பொருள் என்பதையும் நினைவிற்கொள்க. காற்றடித்தால் அது எவ்வளவு தூரம் வரும் என்று பார்த்தே விளக்கை நிறுத்தவேண்டும். எல்.இ.டி. விளக்கு வெப்பம் குறைந்தது என்பது உண்மை. வெப்பமே அற்றது என்பது உண்மையன்று. அதன் விசிறியும் காற்றுத் துளைகளும் தூசியால் அடைபட்டால் அதுவும் சூடேறிக் கெடும். இன்னொரு செய்தி பலர் அறியாதது: திறந்தவெளி மேடையில், பகலில் விளக்கின் கண்ணாடி வில்லை சூரியனை நோக்கியிருந்தால், பூதக் கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோலச் சூரிய கிரணம் உட்புறத்தை எரித்துவிடும். ஆகவே பகலில் வில்லையைத் தரையை நோக்கித் திருப்பி மூடிவைக்கவேண்டும். கட்டடத்திற்குள் மட்டும் உபயோகிப்பதற்கென்று செய்த விளக்கை மழையிலும் பனியிலும் வைக்கலாகாது.

மூன்றாவது, மின்சாரம் தாக்குதல். இங்கே சிறு கணக்கு ஒன்று போடுவோம். 1000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் சுமார் நாலேகால் ஆம்பியர் இழுக்கும். நம் ஹாலஜன் விளக்குகள் எட்டும் ஒருங்கே எரிந்தால் ஏறக்குறைய 35 ஆம்பியர். ஒரு 16 ஆம்பியர் பிளக்கில் மூன்றுக்கு மேல் தாங்காது. ஒரே ஜங்ஷன் பாக்ஸில் எட்டையும் செருகினால் கம்பி சூடேறும், காப்புறை உருகும், பின் விளைவதைச் சொல்லவேண்டியதில்லை. சுருளில் சுற்றிய ஒயரை முழுவதும் பிரித்தே உபயோகிக்கவேண்டும். சுருண்டபடியே மின்சாரம் பாய்ந்தால் உள்ளே வெப்பம் தேங்கும். மூன்று கால் பிளக்கில் தடித்த காலை ஒடித்துவிட்டுச் செருகும் பழக்கம் நம்மிடையே உண்டு. அக்காலே எர்த்து, உயிரைக் காக்கும் கால் அதுவே. எர்த்து இல்லாத இரும்பு உடலில் மின்கசிவு ஏற்பட்டால் தொட்டவர் உயிருக்கே அபாயம் நேரலாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்த உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி, மேடைக்குச் செல்லும் மின்சார வழியில் இருத்தல் இன்றியமையாதது. ஜெனரேட்டரிலிருந்து மும்முனை மின்சாரம் எடுக்கும்போது நியூட்ரல் கம்பி கழன்றால், 230 வோல்ட்டுக்குரிய விளக்குகள் சிலவற்றில் 400 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் பாய்ந்துவிடக்கூடும். ஆகையால் அவ்விணைப்பை அரசாங்க உரிமம் பெற்ற எலெக்டிரீஷியனே செய்யவேண்டும். “எனக்கும் கொஞ்சம் தெரியும்” என்பவர் செய்யலாகாது.

இனி, நடத்தும் முறை. ஹாலஜன் பல்பை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மிகையாகச் சூடேறிப் பல்பு வெடிக்கும். பட்டுவிட்டால் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்துவிட்டே ஏற்றவேண்டும். பல்பு மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கி, விளக்கு ஆறும்வரை காத்திருக்கவேண்டும். எல்.இ.டி. விளக்கை டிம்மர் வழியாக இணைத்தால் அதன் உட்கருவிகள் கெடும். நேரான மின்சாரமே அதற்கு வேண்டும். அதற்குக் கட்டளை எடுத்துச்செல்லும் டி.எம்.எக்ஸ். கம்பிக்கு மைக் ஒயரைப் பதிலாக வைக்காமல் உரிய ஒயரையே உபயோகித்து, கடைசி விளக்கில் 120 ஓம் முடிவுத்தடை வைத்தால், விளக்குகள் தாமே துடிப்பதும் திசைமாறுவதும் நேரா. மூவிங் ஹெட் விளக்குக்கு மின்சாரம் வந்த கணமே அது தானாகச் சுழன்று நிலைக்கு வரும். அப்போது அருகில் கையோ முகமோ திரையோ இருத்தலாகாது. ஒளிக்கற்றையை நேரே நோக்கலாகாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது தாய்மார்களின் கடமை.

தீப்பற்றினால் முதற்காரியம் மெயின் சுவிட்சை நிறுத்துதல். மின்சாரம் ஓடும் கருவியின்மேல் தண்ணீர் ஊற்றலாகாது. கரியமில வாயு அடைத்த தீயணைப்பான் ஒன்று மேடையின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். அதனைத் திறக்கத் தெரிந்தவர் அருகில் இருக்கட்டும். கொட்டகையின் கதவு ஒன்றும் பூட்டியிருக்கலாகாது. கூட்டம் அதிகம் என்று வழியில் நாற்காலி போடலாகாது.

அன்பர்களே! இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் விபத்து ஏன் நேர்கிறது? சென்ற ஆண்டு அவ்விளைஞருக்கு முறை தெரியாமலில்லை. தெரிந்ததைச் சொல்லவும் சொன்னார். அவர் சொல்லைச் செல்லத்தக்கதாக நாம் வைக்கவில்லை. வயதிற் பெரியவர் சொன்னால் இளையவர் கீழ்ப்படிவது நம் குடும்பங்களின் நல்வழக்கம். ஆனால் நைலான் கயிறு வயதைப் பார்த்து உருகாமலிருப்பதில்லை. ஆகவே நாம் இச்சபைக்குச் சமர்ப்பிக்கும் யோசனை ஒன்றே. விளக்கின் பொறுப்பை முறையாகக் கற்ற ஒருவரிடம், ஆணாயினும் பெண்ணாயினும், எழுத்து மூலமாக ஒப்புவிக்கவேண்டும். ஒவ்வொரு கிளாம்பையும், கம்பிக் கயிற்றையும், பிளக்கையும் அவர் பார்த்துக் கையெழுத்திட்ட பின்னரே குழந்தைகள் மேடையேறவேண்டும். “நிறுத்துங்கள்” என்று அவர் சொன்னால், தலைவர் பேசிக்கொண்டிருந்தாலும், பிரமுகர் காத்திருந்தாலும், மேடை இருளவேண்டும். அதனை யாரும் அவமரியாதையாகக் கருதலாகாது.

அப்பொறுப்பிற்கு, சென்ற ஆண்டு நாம் செவிசாய்க்காத அவ்விளைஞரையே நியமிக்குமாறு விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். குறைந்த கிளாம்பு ஒன்றையும், பன்னிரண்டு விளக்குகளுக்கும் வேண்டிய எஃகுக் கம்பிக் கயிறுகளையும் நம் செலவில் வாங்கித் தருகிறோம். அவை மாட்டி முடியும் வரையில், முதலில் மேடையை விட்டு விலகி நிற்கவேண்டியவர் நாமே.