நகச்சொத்தையும் வீட்டு ஒளிக்கருவியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியமும் இசையும் முழங்கிய மேடையில், கால் நகத்தைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பதைக் கண்டு சிலர் முறுவலிக்கக்கூடும். இப்பொருளை எனக்குத் தந்தவர்கள் நம் செயற்குழுவினரே. அதற்குக் காரணமும் உண்டு. பெருவிரலின்மேல் பொருத்தி நீல ஒளியைப் பாய்ச்சும் சிறு கருவியொன்று இன்று நம் காலனியில் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டிலுள்ள மக்கள் வாங்கி அனுப்பியவை சில. விளம்பரம் கண்டு தருவித்தவை சில. விலையோ சில ஆயிரம் ரூபாய். இதனால் பயனுண்டா என்று என்னைக் கேட்டவர்களில் பலர் வயது முதிர்ந்தவர்கள்; அவர்களிலும் சிலர் நீரிழிவு உடையவர்கள். ஆகவே இது நகைத்துத் தள்ளத்தக்க பொருளன்று.

நகச்சொத்தை என்று நாம் வழங்கும் நோயில் நகம் மஞ்சள் நிறமடைந்து, தடித்து, நுனியில் பொடிந்து, தசையினின்று பிரிந்து நிற்கும். பெரும்பாலும் இதற்குக் காரணமாவது டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்னும் பூஞ்சணம். 1910ஆம் ஆண்டில் இதனை விவரித்தவர் ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர். அக்காலத்தில் அவர் பணியாற்றி வந்தது கொழும்பு நகரில் என்பது தமிழராகிய நமக்குச் சற்று நெருக்கமான செய்தி. நகம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அப்புரதமே இப்பூஞ்சணத்திற்கு உணவு. வெப்பமும் ஈரமும் அதற்குத் துணை. அவ்விரண்டுக்கும் இவ்வூரில் குறைவேது? எர்ணாகுளம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. சென்னை காணும் மழையைப்போல் இருமடங்கு இது. இடவப்பாதியில் நனைந்த காலணி துலாவர்ஷம் ஓயும்வரை முற்றும் உலர்வதில்லை. தொழிற்சாலைக்குச் செல்லும் நம்மவர் எட்டு மணிநேரம் மூடிய காலணிக்குள் பாதத்தை வைத்திருக்க வேண்டியவர்கள். விருச்சிகோத்ஸவத்தின் எட்டு நாளும் காலணியைக் கழற்றிவைத்துப் பூர்ணத்ரயீசரைத் தொழச் செல்லும் ஊரில், கால் விரலைப் புடவையின் கரையால் மறைத்து நிற்கும் பெண்மணிகளின் கூச்சத்தையும் நாம் அறிவோம். வெளியே சொல்லக் கூசும் நோய்க்கு, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யக்கூடிய சிகிச்சை என்றால் மனம் அதை நாடுவது இயல்பே.

ஒளியால் நோய் தீர்வது கட்டுக்கதையன்று. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென், தோலைத் தாக்கும் காசநோயைக் கார்பன் வில்விளக்கின் ஒளியால் குணப்படுத்தினார். அதற்காக 1903ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இக்காலத்திலும் வெண்புள்ளி நோய்க்கும் காளாஞ்சகப் படைக்கும் புறஊதா ஒளியைத் தோல் மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். ஆனால் அந்நோய்கள் தோலில் இருப்பவை. நகச்சொத்தை நகத்தின் அடியில் ஒளிந்திருப்பது. தடித்துக் கறுத்த நகம் ஒளிக்கு ஒரு கதவைப்போல் நிற்கிறது. ‘அப்படியானால் காலை வெயிலில் காட்டினாலே போதாதா’ என்று ஒரு பாட்டியம்மாள் என்னைக் கேட்டார். வெயிலில் காட்டினால் காலணி உலரும், அம்மட்டில் நன்று. நகத்தடியில் உள்ள பூஞ்சணம் அதனால் சாவதில்லை.

மருத்துவமனைகளில் உள்ள பெரிய லேசர் கருவி வேறு, நம் கையில் உள்ளது வேறு. மருத்துவமனைகளில் மிகுதியாக வழங்கும் லேசர் 1064 நானோமீட்டர் அலைநீளமுடைய அகச்சிவப்புக் கதிரால் நகத்தைச் சூடாக்கும். பூஞ்சணத்தைக் கொல்ல ஏறத்தாழ 50 பாகை வெப்பம் பல நிமிடம் நீடிக்க வேண்டும். அவ்வளவு சூட்டை நகத்தின் கீழுள்ள தசை தாங்காது. ஆகவே மருத்துவர் விட்டுவிட்டுத்தான் கதிரைச் செலுத்துகிறார். அத்தகைய லேசருக்கே 2010ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் தந்த இசைவு, ‘தெளிவான நகப்பரப்பு தற்காலிகமாகக் கூடுதல்’ என்பதற்குத்தானேயன்றி, நோய் நீங்குதல் என்பதற்கன்று. விளம்பரத்தில் ‘இசைவு பெற்றது’ என்ற சொல் பெரிதாக இருக்கும். ‘தற்காலிகமாக’ என்ற சொல்லைத் தேடித்தான் காணவேண்டும்.

வீட்டுக் கருவிகளிற் பல, 470 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியையும் 905 நானோமீட்டர் அளவிலான ஆற்றல் குறைந்த லேசர் துடிப்பையும் கலந்து தருகின்றன. நாளொன்றுக்கு ஏழு நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. வீட்டில் யாவரும் தொடக்கூடியது என்பதால் ஆற்றலைக் குறைத்தே செய்திருக்கிறார்கள், அது சூடாக்காது. நீல ஒளி நுண்ணுயிரினுள் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜனை உண்டாக்கும் என்பது ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் கண்ட உண்மையே. ஆயினும் கண்ணாடித் தட்டில் நகம் இல்லை.

நானும் இக்கருவியைச் செய்து பார்த்தேன். பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் அளந்து பழகியவனாதலால் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். முதலில் தோல் மருத்துவரிடம் காட்டி, நகத்துணுக்கைச் சோதனைக்கு அனுப்பினேன். இரு பெருவிரல் நகங்களிலும் பூஞ்சண இழைகள் இருப்பது உறுதியாயிற்று. எனக்கு நீரிழிவு இல்லை, சில மாதம் பொறுப்பதால் தீங்கில்லை என்று அவர் சொன்ன பின்னரே தொடங்கினேன். வலக்கால் விரலுக்கு நாள்தோறும் ஒளி. இடக்கால் விரலுக்கு ஒளி இல்லை. மற்றபடி இரண்டையும் ஒன்றுபோலவே அராவி, துடைத்து, உலர்த்தி வந்தேன். நகத்தின் வேரருகே அரத்தால் மெல்லிய கோடிட்டு, மாதந்தோறும் அது நகர்ந்த தொலைவை அளந்தேன். ஒன்பது மாதத்தில் இரு கோடுகளும் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் நகர்ந்தன, இரண்டிற்கும் வேறுபாடில்லை. புதிதாக முளைத்த பகுதியிலும் இரு கால்களிலும் மஞ்சள் ஏறியது. மறுபடி எடுத்த சோதனையில் இரண்டிலும் பூஞ்சணம் இருந்தது. ஒருவனுடைய இரண்டு விரல்களைக் கொண்டு உலகத்துக்கு நீதி வழங்க இயலாது என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் உலகத்து ஆய்வுகளைத் தொகுத்தவர்களும் வேறு கதை சொல்லவில்லை. கோக்ரேன் அமைப்பு 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பில், பூச்சு மருந்துகளையும் கருவிகளையும் பற்றிய 56 ஆய்வுகள், 12,501 நோயாளிகள் அடங்குவர். லேசரால் பூஞ்சணம் நீங்கும் என்பதற்கு உறுதியான சான்று அதில் கிடைக்கவில்லை.

அங்ஙனமாயின் ‘எனக்குக் குணமாயிற்றே’ என்போர் பொய்யரோ? அல்லர். கால் பெருவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். முழுதும் புதிதாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். சொத்தையாகத் தோன்றும் நகங்களில் ஏறத்தாழப் பாதியில் பூஞ்சணமே இருப்பதில்லை. காலணி இடித்து நைந்த நகம், காளாஞ்சகப் படையால் குழிந்த நகம், முதுமையால் தடித்த நகம் எல்லாம் அதே கோலத்தில் காட்சி தரும். இடிபட்ட நகம் எதுவும் செய்யாமலே ஓராண்டில் வளர்ந்து வெளியேறிவிடும். புகழ் மட்டும் கருவிக்குப் போய்ச் சேரும். கருவியுடன் வரும் அறிவுரைத்தாளிலேயே நகத்தை அராவுக, பாதத்தை உலர்த்துக என்று எழுதியிருக்கிறது. அராவிய நகம் அன்றே சற்று அழகாகத் தோன்றும். விளம்பரப் படங்களில் ‘முன்பு’, ‘பின்பு’ என்று காட்டும் விரல்களில் வெளிச்சம் எப்பக்கத்திலிருந்து விழுகிறது என்று கவனியுங்கள். எனக்கு அது நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

இனிப் பயன்படுவது எது? டெர்பினாஃபின் மாத்திரை, நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் வீதம் 12 வாரம். அம்மருந்தின் தொடக்க ஆய்வுகளில் 100 பேரில் 70 பேருக்குப் பூஞ்சணம் நீங்கியது. நகமும் முற்றிலும் தெளிந்தவர்கள் 38 பேர். இம்மருந்தும் தெய்வ மருந்தன்று. மீண்டும் தொற்றுவதும் உண்டு. கல்லீரல் சோதனை செய்துகொண்டு, மருத்துவர் சொற்படி உண்ணவேண்டியது. சிலருக்கு நாவின் சுவை சில காலம் மங்கும். இட்ராகொனசோல் என்ற மற்றொரு மருந்து, இதயத் தளர்ச்சி உடையோருக்கும் கொழுப்புக் குறைப்பு மாத்திரை சில உண்போருக்கும் ஆகாது. ஆகவே அண்டைவீட்டார் உண்டது என்று நாமும் வாங்கி உண்பது தகாது. நோய் நகத்தின் நுனியளவில் நின்றிருந்தால் அமோரால்ஃபின் போன்ற பூச்சுக்கு மருத்துவர் இசையக்கூடும். எனக்கு மாத்திரையே தந்தார். வேரினருகே இப்பொழுது இரு கால்களிலும் வெள்ளையாக ஒரு கீற்று முளைத்திருக்கிறது.

மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றிற் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பு அடங்கும், பூஞ்சணம் அடங்காது. டெர்பினாஃபினுக்கே பல இடங்களில் கட்டுப்படாத, 2020இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிடப்பட்ட தோற்பூஞ்சணம் நம் நாட்டில் பரவியிருப்பது மருத்துவர்களுக்குப் பெருங்கவலை. மருதாணியைப் பற்றிக் கேட்ட தாய்மார்களுக்கு: பூசிக்கொள்வதில் தடையில்லை, ஆனால் சோதனைக்குச் செல்லுமுன் வேண்டாம், நிறம் நோயை மறைத்துவிடும்.

நீரிழிவு உடைய பெரியவர்களிடம் மட்டும் நான் கண்டிப்பாகப் பேச விரும்புகிறேன். தடித்த நகம் பக்கத்துத் தசையில் குத்தினாலும் உணர்ச்சி குன்றிய காலுக்கு அது தெரிவதில்லை. அச்சிறு புண் சேற்றுப்புண்ணுடன் சேர்ந்து சீழ்பிடித்தால் விரலையே இழக்க நேரும். அவர்களுக்கு ஒளிக்கருவியின் தீங்கு அதன் ஒளியில் இல்லை. அதை நம்பிக் கழியும் ஒன்பது மாதத்தில் இருக்கிறது. கருவி வீட்டில் இருந்தால் இருக்கட்டும். குழந்தைகளின் கண்ணுக்கு நேரே பிடிக்கவேண்டாம். நகம் வெட்டியை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இணை காலணி வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் அணியுங்கள். குளித்தபின் விரலிடுக்கைத் துடைக்க ஒரு தனித்துணி போதும்.

செயற்குழுவினருக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஆண்டுதோறும் நாம் நடத்தும் மருத்துவ முகாமில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறோம். காலணியைக் கழற்றச் சொல்வதில்லை. வரும் மழைக்காலத்துக்கு முன், மே மாதத்திலேயே, தோல் மருத்துவர் ஒருவரை வரவழைத்து, அறுபது வயதைக் கடந்தோர் அனைவருடைய பாதங்களையும் பார்த்து நகத்துணுக்குச் சோதனைக்கும் ஏற்பாடு செய்யவேண்டுகிறேன். பெண்களுக்கெனத் தனியே ஒரு திரை கட்டிவிட்டால் அவர்களும் தயங்காமல் வருவார்கள்.