திரைப்பதிவில் குரல் ஏன் கெடுகிறது?

(திருநெல்வேலி மாவட்ட ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில், செய்முறை அமர்வுக்கு முன் ஆற்றிய உரை)



கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து, நம்மில் பலரும் மடிக்கணினியின் முன் உட்கார்ந்து பாடத்தைப் பதிவு செய்யக் கற்றுக்கொண்டோம். தொலைக்காட்சிக்கு அரங்கு உண்டு, ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. நமக்கு வாய்த்தது தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியும், பக்கத்து வீட்டு கிரைண்டரும், கோயில் கொடை நாட்களில் குழாய் ஸ்பீக்கரும்தான். இந்தச் சூழலில் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்னும் இலவச மென்பொருளில் பதிவு செய்யும்போது படம் விட்டுவிட்டு ஓடுவதும் குரல் கெடுவதும் ஏன், அதை எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்வது என்பதே இன்றைய பேச்சு.

குரலில்தான் தொடங்க வேண்டும். பதிவில் படம் கொஞ்சம் மங்கினால் பிள்ளை கண்ணைச் சுருக்கியாவது படித்துவிடும். குரலில் ஓர் எழுத்து போனால் அதை மீட்க வழியில்லை. தமிழில் இது இன்னும் கூடுதலான சிக்கல். நம் மொழியில் யார், எத்தனை பேர், ஆணா, பெண்ணா என்பதெல்லாம் சொல்லின் கடைசியில் நிற்கிறது. வந்தான், வந்தாள், வந்தார் மூன்றுக்கும் வேறுபாடு கடைசி மெய்யில் மட்டும்தான். 'வந்தால்' என்று ஒன்று சேர்ந்தால் நான்கு. வால், வாள், வாழ் என்பதும் அப்படியே. பேசும்போது சொல்லின் முடிவில் நம் குரல் இயல்பாகவே தாழும். ஓபிஎஸ்ஸில் இருக்கும் 'நாய்ஸ் கேட்' என்ற வடிகட்டி, குரல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் கதவைச் சாத்திவிடும். மின்விசிறிச் சத்தத்தை விரட்ட அதை முடுக்கி வைத்தால் விசிறியோடு சேர்ந்து நம் ன், ள், ர் எல்லாம் வெளியே போய்விடும். மிச்சம் இருப்பது 'வந்தா'. திணை, பால் நடத்தும் தமிழ் டீச்சரின் பதிவில் இது நடந்தால் பாடமே இல்லை.

ஆகவே கேட்டைப் போட்டே ஆக வேண்டுமென்றால், அது மூடும் அளவை மைனஸ் 32 டெசிபெல்லிலிருந்து மைனஸ் 45 பக்கம் இறக்குங்கள். திறக்கும் அளவையும் அதற்குச் சற்று மேலே, மைனஸ் 40 அளவில் வையுங்கள். 'ஹோல்ட்' என்ற இடத்தில் 200 மில்லி நொடி இருக்கும். அதை 400 ஆக்குங்கள். என்னைக் கேட்டால் கேட்டே வேண்டாம். 'நாய்ஸ் சப்ரஷன்' வடிகட்டியில் ஆர்என்என்நாய்ஸ் என்றொரு வகை இருக்கிறது. அதை மட்டும் போட்டாலே விசிறிச் சத்தம் பெரும்பாலும் அடங்கும். ஸ்பீக்ஸ் என்ற இன்னொரு வகை கணினிக்குச் சுமை குறைவு, தரமும் குறைவு. இரண்டையும் அடுத்தடுத்துப் போடுவதால் ஒலி தெளிவாகாது. குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகும். எந்த வடிகட்டியையும்விடப் பயன் தருவது மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்து, பதிவு செய்யும் பத்து நிமிடம் விசிறியை நிறுத்துவது. சித்திரை மாதத்தில் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். அப்படியானால் காலை ஆறு மணிக்குப் பதிவு செய்யுங்கள். கிரைண்டரும் அப்போது ஓடாது.

மிக்ஸரில் ஒலி அளவைக் காட்டும் பட்டை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் இருக்கும். இயல்பாகப் பேசும்போது மஞ்சளில், அதாவது மைனஸ் 20க்கும் மைனஸ் 9க்கும் இடையில் ஆடினால் போதும். சிவப்பின் முடிவை முட்டினால் ஒலி கிழியும். பிறகு எடிட்டிங்கில் ஒட்டவைக்க முடியாது. பட்டை அசையவே இல்லை என்றால் ஓபிஎஸ் வேறொரு மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது விண்டோஸ் அனுமதி தரவில்லை. செட்டிங்ஸில் ஆடியோ பக்கத்துக்குப் போய் 'டீஃபால்ட்' என்று விடாமல் உங்கள் மைக்கின் பெயரையே தேர்ந்தெடுங்கள்.

புளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பாட்டுக் கேட்கும்போது அருமையாக இருந்த அதே கருவி, அதன் மைக்கை இயக்கியதும் தொலைபேசி அழைப்பு முறைக்கு மாறிவிடும். பழைய கருவிகளில் அப்போது நொடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுக்கப்படும். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி முழுவதும் வெட்டுப்படும். ஸ, ஷ போன்றவற்றின் கூர்மை இருப்பது அந்த மேல் பகுதியில்தான். பஸ் நிலையத்தில் கிடைக்கும் வயர் இயர்போனின் மைக்கே இதைவிட மேல்.

குரல் இரட்டையாகக் கேட்கிறதா? ஒரே மைக் இரண்டு இடத்தில், செட்டிங்ஸில் ஒரு முறையும் சோர்ஸ் பட்டியலில் ஒரு முறையும், சேர்ந்திருக்கும், ஒன்றை நீக்குங்கள். பாடத்தில் ஒரு காணொளியை ஓட்டும்போது மட்டும் எதிரொலித்தால், ஸ்பீக்கர் ஒலியை மைக்கும் கேட்கிறது என்று பொருள். காதில் இயர்போன் மாட்டினால் தீர்ந்தது. ஒரு காதில் மட்டும் கேட்டால் 'அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்டீஸ்' சென்று 'மோனோ'வை டிக் செய்யுங்கள்.

உதடும் ஒலியும் ஒத்துப்போகாத சிக்கலைச் சிலர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கென 19ஆம் நூற்றாண்டிலேயே பள்ளி வந்துவிட்டது. நம் வகுப்புகளிலும் செவித்திறன் குறைந்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்சம் கேட்டு, மீதியை உதட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஒலி கால் நொடி முந்தினாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று பொய் சொல்லும். கேமரா முன் ஒரு கைதட்டல் போட்டுப் பதிவு செய்து பாருங்கள். நொடிக்கு 20 படம் என்றால் ஒரு படத்துக்கு 50 மில்லி நொடி. கைகள் சேர்வதற்கு நான்கு படம் முன்பே ஓசை கேட்டால், மைக்கின் 'சிங்க் ஆஃப்செட்'டில் 200 என்று போடுங்கள். தொடக்கத்தில் ஒத்திருந்து, போகப்போக விலகினால் அது வேறு நோய். விண்டோஸில் மைக் 44.1 கிலோஹெர்ட்ஸிலும் ஓபிஎஸ் 48இலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் 48 ஆக்கி, ஓபிஎஸ்ஸை மூடித் திறங்கள்.

இனி, படம். 'டாக்ஸ்' மெனுவில் 'ஸ்டாட்ஸ்' என்று ஒரு பலகை உண்டு. மருத்துவர் கையில் ரத்தப் பரிசோதனைத் தாள் போல அது. 'ரெண்டரிங் லேக்' எண் ஏறினால் திரையை வரையும் கிராபிக்ஸ் பகுதி திணறுகிறது. மற்ற ஜன்னல்களை மூடி, ஓபிஎஸ்ஸை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறங்கள். 'என்கோடிங் லேக்' ஏறினால் படத்தைச் சுருக்கும் வேலையில் திணறல். நெட்வொர்க் பற்றிய எண் நேரலைக்கு மட்டும். பதிவுக்கு இணையமே தேவையில்லை, ஆகவே 'நெட் ஸ்லோ சார், அதான் வீடியோ திக்குது' என்ற விளக்கம் செல்லாது.

என்கோடிங் திணறலுக்குக் கணக்கு ஆசிரியர்கள் எளிதில் விடை சொல்வார்கள். 1920க்கு 1080 என்ற திரையில் நொடிக்கு 30 படம் எடுத்தால் ஏறத்தாழ 6.2 கோடிப் புள்ளிகள். 1280க்கு 720, நொடிக்கு 20 படம் என்று இறக்கினால் 1.84 கோடி. சுமை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. ஸ்லைடைப் பார்த்து விளக்கும் பாடத்துக்கு அதுவே தாராளம். எழுத்தை மட்டும் பெரிதாக வையுங்கள். அவுட்புட் பக்கத்தில் 'ஹார்ட்வேர்' என்கோடர் ஏதேனும் தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் எக்ஸ்264இல் வேகமான முன்னமைவு. மடிக்கணினி பேட்டரியில் ஓடும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால் சார்ஜர் மாட்டியிருக்கட்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, 30 நொடி பதிவு செய்து பாருங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாது.

கோப்பின் அளவும் நமக்கு முக்கியம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை கடந்தபோது பள்ளிகள் மூடின. பல ஊர்களில் மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் போயின. அப்படிப்பட்ட நாளில் இணையத்தில் இருக்கும் பாடம் பயன்படாது. முன்பே செல்பேசியில் இறங்கிய பாடம்தான் பயன்படும். காரையாறு பக்கம் மலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். படத்துக்கு 2,500 கிலோபிட் கொடுத்தால் பத்து நிமிடப் பாடத்துக்கு 190 எம்பி அளவுக்கு வரும். 600 கொடுத்தால் 45 எம்பி. குரலுக்கு 160 கொடுத்தாலும் வெறும் 12 எம்பிதான். அளவைக் குறைக்க வேண்டுமானால் படத்தில் கை வையுங்கள், குரலில் வேண்டாம்.

பதிவின் நடுவில் கரண்ட் போய் கணினி அணைந்தால் வழக்கமான எம்பி4 கோப்பு திறக்காமலே போகலாம். எம்கேவி வடிவில் பதிவு செய்தால் அதுவரை பேசியது தங்கும். பிறகு 'ஃபைல்' மெனுவில் 'ரீமக்ஸ்' கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் குறையாது.

இப்போது மடிக்கணினிகளைத் திறங்கள். ஒவ்வொருவரும் வந்தான், வந்தாள், வந்தார், வந்தால் என்ற நான்கு சொற்களையும் நீங்கள் விரும்பும் வரிசையில் சொல்லி, 30 நொடிக்குள் பதிவு செய்யுங்கள். பிறகு அதைப் பக்கத்தில் இருப்பவரின் செல்பேசிக்கு அனுப்பி, அதன் ஸ்பீக்கரிலேயே கேட்கச் சொல்லுங்கள். எந்த வரிசையில் சொன்னீர்கள் என்று அவர் எழுதிக் காட்டட்டும்.